மண்டோரின் கற்பூரம்

என் தங்கச்சி திலகவதி மாஜிஸ்திரேட். கோர்ட்டில் அவள் நிமிர்ந்து பார்த்தால் எல்லோரும் வாயை மூடுவார்கள். வீட்டில் நான் பேசினால் அவள் மூடுவாள். அன்று கோர்ட்டிலிருந்து வந்தவள் உட்காரவே இல்லை. ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

"அப்பா, நம்ம தோட்டத்து மண்டோர் பேரு தம்புசாமிதானே?"

அப்பா டிவி சத்தத்தைக் குறைத்தார். அந்தப் பேரை எங்கள் வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

அப்போது நான் சின்னப் பிள்ளை, திலகா அம்மா வயிற்றில். சுங்கை ரம்பாய் பக்கத்துத் தோட்டத்தில் ஸ்டோரிலிருந்த ரப்பர் கட்டிப்பால் காணாமல் போனது. வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் தம்புசாமி, அப்பாவைக் கைகாட்டினார். முனியாண்டி கோவிலில் எல்லோர் முன்னாலும் அப்பா கற்பூரம் ஏற்றி, நான் எடுக்கவில்லை என்று சொல்லி உள்ளங்கையால் அணைத்தார். அப்படிச் சத்தியம் செய்துவிட்டால் தோட்டத்தில் அதற்கு மேல் கேள்வி கிடையாது. ஆனாலும் மண்டோர் எங்களை லயத்து வீட்டைவிட்டு விரட்டினார். புக்கிட் ரம்பாய்க்கு வந்து, லோரியில் மூட்டை ஏற்றி இறக்கித்தான் அப்பா எங்களை வளர்த்தார். மகள் ஜட்ஜ் ஆன பிறகும், பழைய தோட்டத்து ஆட்கள் வரும் கல்யாணங்களுக்கு அவர் போவதில்லை.

இப்போது அந்த மண்டோரின் மகன் தினேஷ்வரன் மேல் ஃபேக்டரியில் செம்புக் கம்பி திருடியதாகக் கேஸ். மறுநாள் திலகாவின் முன்னால் வருகிறது.

"நீயே விசாரிலா. யாருக்குத் தெரியப் போவுது?" என்றேன். பழி தீர்க்கத்தான் சொன்னேன், அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் அவள் மாட்டேன் என்று சொல்லவில்லை. அதுதான் எனக்கே பயமாக இருந்தது. மறுபடியும் நடக்க ஆரம்பித்தாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் வாசல் கேட்டுக்கு வெளியே ஒரு கிழவர் வந்து நின்றார். தம்புசாமிதான். எங்கள் தாமான் குடியிருப்பில் யாரைக் கேட்டாலும் ஜட்ஜ் வீட்டைக் காட்டுவார்கள். நான் போய்த் துரத்துவதற்குள் அவர் சிமெண்டுத் தரையில் கற்பூரத்தை வைத்துப் பற்றவைத்துவிட்டார். தோட்டத்துப் பிள்ளைக்கு இது போதும் என்று நினைத்துவிட்டார், பாவி மனிதர்.

"எம் மகன் திருடல தாயி," என்று உள்ளங்கையால் அணைத்தார்.

திலகா வாசலுக்கு வந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"தாத்தா, கேஸ் பத்தி எங்கிட்ட பேசக்கூடாது. இத நான் விசாரிக்க மாட்டேன். நாளைக்கே வேற மாஜிஸ்திரேட்டுக்கு மாத்தச் சொல்லிருவேன்."

நீயும் நம்பவில்லையா என்று கிழவர் கேட்டார். அப்போதுதான் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். வயிற்றெரிச்சல் தீரத் திட்டப்போகிறார் என்று நான் காத்திருந்தேன்.

"மண்டோரே, அன்னைக்கு நான் அணைச்சப்ப நீங்க நம்புனீங்களா?"

தம்புசாமி கரி படிந்த கையை வேட்டியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நம்புனேன் மாயாண்டி. எடுத்தது என் மச்சான். தொரை ஒரு ஆளக் காட்டச் சொன்னாரு, ஒன்னக் காட்டுனேன்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கேட்டைத் திறக்கப் போனேன். அப்பா என் கையைப் பிடித்து நிறுத்தினார். அவர் கிழவரைப் பார்க்கவே இல்லை. திலகாவின் பக்கம் திரும்பி, பரீட்சையில் பாஸான பையனைப் போல நிமிர்ந்து நின்றார்.

"கேட்டுக்கிட்டியா பாப்பா?"

திலகா அழுதுகொண்டே தலையாட்டினாள்.