கஸ் ஹேட்லி பிரதிவாதி

விசையில் கை படாமலே வெடித்த வேட்டைத் துப்பாக்கி வெர்னாவின் மகனைக் கொன்று இரண்டு வருடமாகிறது. அவள் போட்ட வழக்கை எந்த நீதிமன்றம் விசாரிப்பது என்பதே இன்னும் முடிவாகவில்லை. துப்பாக்கி செய்த கம்பெனி வேறு மாநிலத்துக்காரர்களுடையது. மத்திய நீதிமன்றம்தான் வேண்டும் என்கிறார்கள். ஆனால் வாதியும் பிரதிவாதிகளில் ஒருவரும் ஒரே மாநிலத்தவர் என்றால் வழக்கு அங்கே போகாது. துப்பாக்கியை விற்ற உள்ளூர்க் கடைக்காரர் கஸ்ஸும் பிரதிவாதியாக இருக்கும்வரை வழக்கு கென்டக்கியின் இந்தச் சின்ன ஊரிலேயே நிற்கும்.

நீதிமன்ற நடைக்கூடத்து பெஞ்சில் கஸ் வெர்னாவுக்கும் ஒரு காபி நீட்டினார்.

"என்னை விட்டுடேன், வெர்னா. பெட்டியைப் பிரிக்காம வித்தேன், அவ்வளவுதான்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"நீ போயிட்டா கேஸும் மத்திய கோர்ட்டுக்குப் போயிடும். அங்க எடுத்ததுமே தள்ளிடுவாங்கன்னு வக்கீல் பயப்படறார்."

"அப்ப நான் கதவு சாத்தாம இருக்க வெச்ச கல்லு."

"ஆமா."

கஸ் சிரிக்கப் பார்த்தார். "சர்ச்சுல என் பக்கத்துலதான உக்கார்ற?"

"இந்த ஞாயித்துக்கிழமையும் அங்கதான் உக்காருவேன்."

வெர்னாவின் வக்கீல் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "கஸ்ஸ விட்டுடலாமா, வேண்டாமா? உள்ள கேக்கறாங்க."

வெர்னா காபியை பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"வேண்டாம். அவர் இருக்கட்டும்."

கஸ் கால்களை ஒடுக்கி அவள் போக வழிவிட்டார்.