மூன்றாவது பஸ்

இஸபெல் இறந்து இருபத்தொன்பது மணி நேரம் ஆகியிருந்தது. நோரின் தன் அக்காவின் விரல்களில் ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். விரல்கள் வளையவில்லை. மாலை நழுவி விழுந்தது. மறுபடி முதலிலிருந்து சுற்றினாள்.

“சித்தி, பேண்ட் ஆட்கள் வந்துட்டாங்க,” என்றான் ரொஷேன், இஸபெலின் மகன். “எந்தப் பாட்டுன்னு கேக்கிறாங்க. நான் ரெண்டு கீதம் சொல்லிட்டேன்.”

“மூணாவது ஒண்ணு இருக்கு,” என்றாள் நோரின்.

“என்னது?”

“மூணாம் பஸ்.”

ரொஷேன் கதவை ஒருக்களித்துச் சாத்தினான். கூடத்தில் அழுதுகொண்டிருந்தவர்களுக்குக் கேட்டுவிடக்கூடாது. “அம்மா உங்ககிட்டயும் சொன்னாங்களா? சித்தி, இது சவ ஊர்வலம். பஸ் பாட்டு வாசிச்சா ஊர் சிரிக்கும். ஃபாதர் என்ன சொல்லுவாரு?”

நோரின் மாலையை இன்னொரு சுற்று சுற்றினாள். முப்பத்தொரு வருடம் தபால் கந்தோரில் முத்திரை விற்றவள். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, மீதிச் சில்லறையைத் தள்ளிவிட்டுத் தலையாட்டினால் போதும். அந்த வேலை அவளுக்குப் பொருந்தியிருந்தது.

நேற்று விடிகாலையில் இஸபெல் இரண்டு விஷயம் கேட்டாள். சந்தியில் அந்தப் பாட்டை வாசிக்க வேண்டும். அது ஒன்று. “அப்புறம் நீ சொல்லிடு, நோரா. அம்பது வருஷமா நாளைக்குச் சொல்றேன், நாளைக்குச் சொல்றேன்னு இருந்துட்டேன். எனக்கு ஏலாமப் போச்சு. ஊர் முன்னால சொல்லு.” அதற்கும் நோரின் தலையாட்டினாள். நான்கு மணி நேரத்துக்குப் பிறகு இஸபெல் போய்விட்டாள். தலையாட்டிக் கொடுத்த வாக்கு அப்படியே இருந்தது.

அவள் எழுந்து, ரொஷேனைத் தாண்டி, முற்றத்துக்குப் போனாள். ஏழு பேர் வெள்ளைச் சீருடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ட்ரம்பெட்காரர் சிரில் மாஸ்டர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“மாஸ்டர், சந்தியில மூணாம் பஸ் வாசிக்கணும்.”

“நோரின் நோனா, மெதுவாவா, துள்ளலாவா?”

“எப்படி இருக்குமோ அப்படியே.”

பக்கத்து வீட்டு பெட்ரிஷா மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள், “அப்பாடா! இவ பேசுவாளா? நான் இருபது வருஷமா வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு காத்துக்கிட்டிருக்கேன்.”

யாரோ சிரித்தார்கள். நோரினுக்குக் காது சூடானது. ஆனால் ரொஷேன் அதற்குமேல் மறுக்கவில்லை.

அந்தப் பாட்டு எழுபத்து மூன்றில் இஸபெலின் பெயரில் இசைத்தட்டாக வந்தது. ஒரு பெண் மழையில் பஸ் தரிப்பிடத்தில் ஒருவனுக்காக நிற்கிறாள். முதல் பஸ்ஸை விடுகிறாள், இரண்டாவதையும் விடுகிறாள். அந்த வருடம் நீர்கொழும்பில் அதைப் பாடாத பெண் பிள்ளை இல்லை. பிறகு வேறு பாட்டுகள் வந்தன. ஞாயிற்றுக்கிழமைப் பழைய பாடல் நிகழ்ச்சியில் எப்போதும் அதே பத்துப் பாட்டுகள்தான். இஸபெல் சமையலறை ரேடியோவின் பக்கத்தில் மீன் அரிந்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். தபாலட்டை போட்டுப் பார்த்தாள். அந்த இசைத்தட்டு எங்களிடம் இல்லை நேயரே, என்று ஒருமுறை அறிவிப்பாளர் சொன்னார். “இல்லாமலா போகும்? தேடச் சோம்பல்,” என்று மீனை அலசினாள்.

மூன்று மணிக்கு மாதா கோவில் மணி அடித்தது. ஆறு பேர் பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள். வெள்ளைக் கொடிகள் கட்டிய தெரு வழியே ஊர்வலம் நடந்தது. இரண்டு கீதமும் முடிந்தபோது சந்தி வந்தது.

சிரில் மாஸ்டர் திரும்பி நோரினைப் பார்த்தார். பிறகு வாசித்தார்.

முதல் வரியிலேயே முச்சக்கர வண்டிக்காரன் ஒருவன் இறங்கி நின்றான். ரொட்டி அடுக்கிய பாண் கடை வாசலில் கூடையோடு நின்ற பெண் வாய்க்குள் பாடத் தொடங்கினாள். பெட்ரிஷா கைக்குட்டையை இடுப்பில் செருகிவிட்டுச் சத்தமாகப் பாடினாள். பாட்டு முன்னாலிருந்து பின்னுக்குப் பரவியது. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் எல்லோரும் பாடினார்கள்.

*முதல் பஸ் போகுது, முகம் காட்டல நீ*
*ரெண்டாம் பஸ் போகுது, நனையுது என் குடை*

ஃபாதர் செபப் புத்தகத்தைப் பார்த்தபடி நடந்தார். அவருடைய செருப்பு தாளம் தவறாமல் விழுந்தது.

முதல் சரணம் முடிந்தது. பேண்ட் நின்றது. எல்லோரும் நின்றார்கள்.

“அடுத்தது?” என்றாள் பெட்ரிஷா.

“எனக்கு அவ்வளவுதான் தெரியும்,” என்றார் சிரில் மாஸ்டர். “அந்தக் காலத்துல ரேடியோவுல அந்த இடத்துல செய்தி வந்துடும். நேரம் பார்த்து வெட்டிருவாங்க.”

“கார்னிவல் மேடையில இவளே பாடுவாளே, அங்க?”

“அங்கேயும் இஸபெல் நோனா முதல் சரணத்தைத்தான் ரெண்டு தரம் பாடுவாங்க.”

“அப்போ அந்தப் பயல் வந்தானா இல்லையா? சாகிற வரைக்கும் சொல்லாமலே போயிட்டாளே இவ!” பெட்ரிஷா பெட்டியைப் பார்த்துக் கையை விரித்தாள். சிலர் சிரித்தார்கள், அழுதுகொண்டே. “ரொஷேன், உனக்குத் தெரியுமா?”

“வீட்டுலயும் பாதிதான் பாடுவாங்க. இசைத்தட்டு ஒண்ணு இருக்கு. சின்ன வயசுல கேட்டது. ரெண்டாவது பாதியில குரல் மேல போகும். அது மட்டும் ஞாபகம்.”

பெட்டியைத் தூக்கியவர்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள். ஃபாதர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சிரில் மாஸ்டர் மறுபடி முதல் கீதத்துக்காகத் தாளைத் திருப்பினார்.

நோரின் வாயைத் திறந்தாள்.

முதல் சொல்லில் சத்தமே வரவில்லை. காற்றுதான் வந்தது. இரண்டாவது சொல்லில் குரல் கிடைத்தது. கரகரத்தது, ஆனால் சுருதி பிசகவில்லை. ஒரு படி மேலே ஏற வேண்டிய இடத்தில் அது ஏறியது.

*மூணாம் பஸ் வந்தது, மடக்கினேன் என் குடை*
*ஜன்னல் எனக்கு, மழை உனக்கு*

“ஏறிட்டாளா!” என்று கத்தினாள் பாண் கடைப் பெண். “அம்மாடி, ஏறிப் போயிட்டாளா!”

தெரு முழுக்கச் சிரிப்பு வெடித்தது. முச்சக்கர வண்டிக்காரன் ஹார்னை அடித்தான். ஐம்பது வருடமாக மழையில் நின்ற ஒருத்தி சன்னல் ஓரம் உட்கார்ந்துவிட்டாள். சிரில் மாஸ்டர் தாளைச் சட்டைப் பையில் திணித்தார். ட்ரம்பெட் அவள் குரலைத் தேடிப் பிடித்தது. பின்னாலேயே மேளம் வந்தது. நோரின் இரண்டாம் தடவை பாடினாள். இந்தத் தடவை கரகரப்பு இல்லை. மூன்றாம் தடவை எல்லோருக்கும் வரிகள் வந்துவிட்டன. பெட்டி அந்தத் தாளத்துக்கு லேசாக ஆடியபடி சந்தியைக் கடந்தது. தூக்கியவர்களில் ஒருவரும் அதை நிறுத்தப் பார்க்கவில்லை.

மயான வாசலில் பாட்டு ஓய்ந்தது. கடல் காற்றில் கொடிகள் படபடத்தன. ரொஷேன் பெட்டிக்கு அடியிலிருந்து தோளை விடுவித்துக்கொண்டு அவளிடம் வந்தான். மூச்சு வாங்கியது.

“சித்தி. அந்த இசைத்தட்டுல இருக்கிற அதே குரல். அச்சு அசல் அம்மாவோட குரல்.”

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெட்ரிஷா ஒரு அடி முன்னால் வந்தாள். நோரின் எல்லோரையும் பார்த்தாள். நடுவில் கண்ணாடி எதுவும் இல்லை.

“ரெக்கார்டிங் அன்னிக்கு அக்காவுக்குக் காய்ச்சல். தொண்டை கட்டிடுச்சு. தட்டுல ஒட்டுறதுக்கு அவ பேரை முன்னாடியே அச்சடிச்சு வெச்சுட்டாங்க,” என்றாள். கடைசி வரிசைக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினாள்.

“பாடினது நான்.”