நடுப் பாத்தி

யேசுரட்ணம் பகலில் கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியின் கிளாக்கர். பின்னேரம் வெள்ளவத்தை வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுப் பின்வளவுக்குப் போவார். அங்கே அவர் வளர்த்தது பூவுமல்ல, காயுமல்ல. அறுகம்புல்.

காரணம் கொள்ளுப்பிட்டியில் இருந்த அவருடைய கிளப். அதன் மைதானம் கடலைப் பார்த்தபடி கிடந்தது. உப்புக் காற்றும் சப்பாத்துக் காலும் சேர்ந்து ஒவ்வொரு வருஷமும் புல்லைத் தின்றுவிடும். பிறகு செம்மண் தூசிக்குள் ஹொக்கி விளையாடவேண்டும். இதற்குத் தாங்கக்கூடிய அறுகு இந்த ஊரிலேயே எங்கோ நிற்கிறது, அதைத் தேடிப் பிடிப்பதுதான் வேலை என்பது யேசுரட்ணத்தின் எண்ணம். கொட்டாஞ்சேனைக் கோயில் வளவிலிருந்தும், கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகளின் ஓரத்திலிருந்தும், ரயில் பாதைக் கல்லிடுக்கிலிருந்தும் குத்துக் குத்தாகக் கிளப்பி வந்து, ஒவ்வொன்றையும் தனிப் பாத்தியில் வைத்தார். பாத்திக்கு ஒரு தகர டின்னைக் கவிழ்த்து அடையாளம் போட்டார். பாத்திகளுக்கிடையே வெறும் மண்ணை விட்டு, அதில் ஒரு முளையும் வராமல் செதுக்கிக்கொண்டே இருந்தார்.

பிறகு சோதனை. கத்தரியால் ஒட்ட நறுக்குவார். வாளியில் கடல் தண்ணீர் கொண்டுவந்து தெளிப்பார். கிளப்பின் செயலாளர் றேமண்ட் கழித்துவிட்ட ஆணிச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு பாத்தி பாத்தியாக மிதிப்பார்.

பக்கத்து வீட்டுச் சவுந்தரநாயகம், பென்சன் எடுத்த தபாலதிபர், வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்.

“என்ன தம்பி, புல்லு உமக்கு என்ன செய்தது? இந்த உதை உதைக்கிறீர்?”

“விசாரணை நடக்குது அண்ணை. ஆர் தாங்குறான் எண்டு பாக்கிறன்.”

“பொலிசிலை சேர்ந்திருக்க வேண்டிய ஆள் நீர்.”

கடைசியில் தாங்கியது ஒன்றுதான். ரயில் பாதையிலிருந்து வந்தது. நடுப் பாத்தியில் நின்றது. இலை ஊசிபோல் மெல்லியது. எவ்வளவு ஒட்ட வெட்டினாலும் நிறம் மாறாது. இன்று மிதித்த இடம் அடுத்த ஞாயிறு மூடியிருக்கும். றேமண்ட் வந்து வெறுங்காலோடு அதன்மேல் நின்று பார்த்தான். கமிற்றியில் பேசி, மைதானத்தின் ஒரு மூலையில் நாற்றுக்கு இடமும் எடுத்துக் கொடுத்தான். மழை தொடங்கினால் மைதானம் முழுக்க இதுதான் என்று தீர்மானமாயிற்று.

மழைக்கு முன்னே வெள்ளைக்காரனின் இராணுவம் வந்தது. மைதானத்தை எடுத்து லொறி நிறுத்தினார்கள். நாற்று மூலைதான் லொறி திரும்புகிற இடம்.

“அதை விடு மச்சான்,” என்றான் றேமண்ட். “யுத்தம் முடிஞ்சா அவங்கள் கிறவுண்டைக் கிழிச்சுத்தான் தருவாங்கள். நல்லதுதான், புதுசா நடலாம். நீ வீட்டில நிக்கிறதைச் சாகவிடாதே. இனி அதுதான் இருக்கு.”

அதுதான் இருந்தது. யேசுரட்ணத்துக்கும் அது தெரியும்.

அந்த வருஷம் உயிர்த்த ஞாயிறன்று கொழும்பில் ஜப்பான்காரனின் குண்டு விழுந்தது. மனைவி பிறிஜெற் கொட்டாஞ்சேனையில் அக்கா வீட்டில் மேசைக்கு அடியில் கிடந்து செபமாலை சொல்லியிருக்கிறாள். அடுத்த நாளே பெட்டி கட்டினாள். சிலாபத்தில் அவளுடைய ஆட்கள் இருந்தார்கள். அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்புவதாகத்தான் யேசுரட்ணம் புறப்பட்டார். வளவுத் திறப்பைச் சவுந்தரநாயகத்திடம் கொடுத்தார். ஒழுங்கை முழுக்கக் காலியாகிக்கொண்டிருந்தது. அவர் மட்டும் அசையவில்லை.

“நான் போனா பிள்ளையாருக்கு ஆர் விளக்கு வைக்கிறது? நீர் போம் தம்பி. புல்லை நான் பாக்கிறன்.”

“தண்ணி மட்டும் விட்டாக் காணும் அண்ணை.”

சிலாபத்தில் யேசுரட்ணத்துக்கு மலேரியா பிடித்தது. விட்டுவிட்டு வந்தது. எழுந்து நடக்கத் தொடங்கியபோது தென்மேல் மழை பாதி முடிந்திருந்தது.

பிறிஜெற்றையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்த அன்று, பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டுப் பின்வளவுக்குப் போனார். வளவு பச்சையாக இருந்தது. வேலியிலிருந்து வேலி வரைக்கும் ஒரே பச்சை. பாத்தி இல்லை, இடைவெளி இல்லை. தகர டின்கள் கழுவப்பட்டு, கிணற்றடியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன.

சவுந்தரநாயகம் வேலிக்கு மேலால் சிரித்தார்.

“எப்பிடி? ஆளை அடையாளம் தெரியுதோ?”

யேசுரட்ணம் நடுப் பாத்தி இருந்த இடத்தைத் தேடி நடந்தார்.

“இடையில இடையில மொட்டையாக் கிடந்தது தம்பி. உமக்குக் காய்ச்சல் வருத்தம் எண்டு கேள்விப்பட்டன். வந்து பாத்தா மனம் நோகுமே எண்டு யோசிச்சன். பிள்ளையார் கோயில் கிணத்தடியில அறுகு நல்லாய் நிக்கும். கொண்டுவந்து நட்டுவிட்டன். இந்த மழைக்கு ஒரு கிழமையில பிடிச்சிட்டுது.”

“டின்?”

“கறள் பிடிச்ச டின், காலை வெட்டினா ஏற்புவலி வந்து ஆளே போயிடும். எடுத்து வைச்சிருக்கிறன், ஒண்டும் துலையேல்லை.” அவருடைய முகம் சற்று மாறியது. “ஏன் தம்பி, பிழையோ? அதுவும் அறுகுதானே?”

“ஓம் அண்ணை. அறுகுதான்.”

“பூசைக்குப் போற அறுகு. கண்ட புல்லில்லை.”

“பெரிய உபகாரம் அண்ணை,” என்றார் யேசுரட்ணம்.

இரவு பிறிஜெற் கேட்டாள்: “அந்தாளிட்டைச் சொல்லியிருக்கலாமே?”

“என்னத்தைச் சொல்ல? அந்த வயசில மழைக்குள்ள குந்தியிருந்து நட்டிருக்குது மனிசன்.”

அறுகு நிலத்தோடு ஓடும். கணுவுக்குக் கணு வேர் விடும். ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, ஒரு பிடியை இழுத்தால் பத்துக் குத்தின் கொடி சேர்ந்து வரும். மழைக்காலத்தில் எல்லா அறுகும் ஒரே தடிப்பாகத்தான் நிற்கும். எது எதுவென்று வெயில்தான் காட்டித்தர வேண்டும். நடுவென்று தோன்றிய இடத்திலிருந்து கொடிகளை நறுக்கிச் சட்டிகளில் நட்டார். அலுவலகத்துக்குப் போகுமுன் ஒருமுறை, வந்தபின் ஒருமுறை பார்த்தார்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து ரயில் பாதைக்கும் போனார். தாய்க் குத்து நின்ற இடத்தில் சீமெந்துக் காவலரண் கட்டியிருந்தார்கள். சுற்றிவர முள்ளுக்கம்பி. உள்ளே நின்ற சிப்பாய், போ என்று துவக்கால் சைகை காட்டினான். அவனிடம் புல்லுக்காக வந்தேன் என்று எந்தப் பாஷையில் சொல்வது?

தை மாதத்து வெயில் வந்தது. சட்டிகளை ஒட்ட வெட்டினார். வைக்கோல்போல் மஞ்சளித்து, கட்டை கட்டையாக நின்றன. இரண்டொன்று பச்சையாக இருந்தன. அவற்றுக்குக் கடல் தண்ணீர் தெளித்தார். அவையும் போயின.

அரிசிக் கூப்பன் குறைந்தபோது பிறிஜெற் சொன்னாள்: “இஞ்சாருங்கோ, எல்லாரும் மரவள்ளி நடுகினம். எங்களிட்டை வளவு சும்மா கிடக்குது.”

சும்மா கிடக்கிறது என்று சொன்னபின் அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் கோபிக்கவில்லை. மண்வெட்டியை எடுத்துத் தானே கொத்தினார்.

மரவள்ளி இடுப்பளவு வளர்ந்திருந்தபோது றேமண்ட் வந்தான். இராணுவம் மைதானத்தில் ஒரு பக்கத்தைத் திருப்பித் தரப்போகிறதாம். வளவைப் பார்த்துவிட்டு நின்றான்.

“எங்க மச்சான் புல்லு?”

“உதுக்குள்ளதான் எங்கயாவது.”

“விளையாடாதே. தேடி எடுப்பம். நானும் வாறன், பெடியளையும் கூட்டி வாறன்.”

“தேடிட்டன் றேமண்ட்.”

றேமண்ட் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து முழுக்கப் புகைத்தான். “கமிற்றி கொண்டிராக்டரிட்டைக் கேக்கச் சொல்லுது,” என்றான் பிறகு. “அவன் ஏதோ ஒரு புல்லுக் கொண்டு வருவான்.”

“வரட்டும்.”

“அது ஒரு வருஷம் நிக்குமோ?”

“நிக்காது.”

அவன் போனபின் யேசுரட்ணம் மரவள்ளி மேட்டில் களை பிடுங்கக் குனிந்தார். அறுகுதான் களை. மேட்டுக்கு மேடு ஓடியிருந்தது. இத்தனை நாளும் ஒவ்வொரு கொடியையும் வெளிச்சத்துக்குப் பிடித்து, இலையை விரலால் நீவிப் பார்த்த பிறகே எறிவார்; அதனால் ஒரு வரிசை முடிய இருட்டிவிடும். அன்று பார்க்காமல் பிடுங்கினார். இருட்டுவதற்குள் நாலு வரிசையும் முடிந்தது. இரண்டு கையாலும் வாரி ஒழுங்கையில் கொட்டிவிட்டு, கால் கழுவிக்கொண்டு உள்ளே போனார்.