தம்பிதுரை ஒட்டிய வால்

ஆலய வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தும்போதே ஃபெமினாவுக்கு அந்த நெடி வந்துவிட்டது. தலையைக் கிறுகிறுக்க வைக்கிற நெடி. பைப் ஒட்டுகிற சொல்யூஷன்.

நிமிர்ந்து பார்த்தாள். முகப்பு மண்டபத்தின் உச்சியில் அவளுடைய நட்சத்திரம் தொங்கிக்கொண்டிருந்தது. கல்யாண மண்டபங்களில் பொறுக்கிய குளிர்பான பாட்டில்களால் ஆனது. காலையில் அவள் பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் கிளம்பும்போது அதற்கு வால் இல்லை. வாலுக்கான பாட்டில்கள் கீழே சாக்கில் கிடந்தன. கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளலாம், இன்றைய கேரல் ஆராதனைக்கு நட்சத்திரம் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள்.

இப்போது வால் இருந்தது. ஆள் உயரத்துக்கு நீளமாகத் தொங்கியது. உள்ளே சீரியல் விளக்குகள் மினுங்கின. அதற்கு நேர் கீழே பாடகர் குழுக் குழந்தைகளுக்காக பெஞ்சுகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஆளுக்கொரு மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு அவர்கள் அங்கேதான் நிற்பார்கள்.

ஒயர் சுற்றிக்கொண்டிருந்த தம்பி கிறிஸ்டோவிடம் போனாள்.

"யாருடா ஒட்டுனது?"

"மனோஜ் மாமாவோட அப்பா. மத்தியானமே வந்துட்டாரு. இதென்ன கீழ கெடக்குதுன்னாரு. அக்கா வந்து ஒட்டும், காய ஒரு நாள் ஆகும்னேன். பாட்டில் ஒட்டறதுக்கு ஒரு நாளான்னு சிரிச்சுப்போட்டு, கார்ல இருந்து டப்பாவ எடுத்துட்டு வந்துட்டாரு. அவருகிட்ட நான் என்னத்தச் சொல்றது?"

அவரிடம் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். தம்பிதுரைக்கு அன்னூரில் சொட்டுநீர்ப் பாசனக் கடை. சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களில் பாதிக்கு பைப் போட்டவர் அவர்தான். தன் ஒரே மகன் மனோஜ்குமார் வேதக்காரப் பெண்ணான ஃபெமினாவைக் கட்டுவதா என்று இவ்வளவு காலமும் முகம் கொடுக்காமல் இருந்தார். இன்றைக்கு முதல் தடவையாக வந்திருக்கிறார். பாட்டு முடிந்ததும் ஃபெமினாவின் வீட்டுக்கு வந்து அவள் அப்பாவிடம் பேசுவதாக ஏற்பாடு.

மனோஜ் தண்ணீர்த் தொட்டி ஓரம் நின்றிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"கோவிச்சுக்காத. அவரா ஆசைப்பட்டு செஞ்சாரு."

"நீ பக்கத்துலதானே இருந்தே?"

"இருந்தேன்."

"சொல்யூஷன் இந்த பாட்டில்ல நிக்காதுன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா? நம்ம ரெண்டு பேரும்தானே எங்க மொட்டை மாடியில ஒட்டிப் பாத்தோம்."

அவனுக்குத் தெரியும். முதலில் வாங்கியதே சொல்யூஷன்தான். கோயமுத்தூரில் பிளாஸ்டிக் என்றால் எல்லார் கையும் அதற்குத்தான் போகும். பைப்பை அது கரைத்து ஒன்றாக்கிவிடும். குளிர்பான பாட்டில் வேறு பிளாஸ்டிக், அதை அது கரைப்பதில்லை. மேலே தோல் மாதிரி காய்ந்து, பிடித்த மாதிரி இருக்கும். பிறகு பசைத் துப்பாக்கி வைத்துப் பார்த்தார்கள். சூட்டில் பாட்டில் சுருங்கியது, ஆறியதும் பசை நகம் பட்டாலே கழன்று வந்தது. உடனடிப் பசை வெள்ளை பூத்து, கீழே போட்டதும் விண்டுபோனது. கடைசியில் உக்கடத்துக் கடைக்காரர் அப்துல் முத்தலிப் எடுத்துக் கொடுத்தது செருப்புக்குப் போடுகிற பி.யு. பசை. பாட்டிலை உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, பசை தடவி, ஒரு நாள் கட்டி வைத்தால் பாட்டில் கிழிந்தாலும் ஒட்டு விடவில்லை. நட்சத்திரம் முழுக்க அப்படித்தான் நின்றது.

"தங்கூசி நரம்பு போட்டு சத்தமில்லாம கட்டிரலாம்," என்றான் மனோஜ். "இன்னைக்கு ஒரு நாளு. எங்கப்பா இந்த வாசலுக்கு வந்து உக்காந்ததே பெருசு. அவரு ஒட்டுனதுல குத்தம் சொன்னா எந்திரிச்சுப் போயிருவாரு. அப்புறம் திரும்பி வர மாட்டாரு."

"ஒவ்வொரு ஒட்டா கட்டோணும். குழந்தைங்க வந்துட்டிருக்குது. ஒரு பாட்டில் உட்டா ஒயரோட கீழ வரும், கையில மெழுகுவத்தி இருக்குது. அந்த நெடியே தீப்பிடிக்கற நெடி."

"காத்து இல்லியே. நிக்கும்."

"நிக்கும்னு நீ சொல்றியா?"

அவன் நிமிர்ந்து வாலைப் பார்த்தான்.

தம்பிதுரை முன்வரிசையில், வெள்ளை வேட்டி சட்டையில், அவள் அப்பா அமிர்தராஜுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் மஞ்சள் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா இவ்வளவு நிம்மதியாகச் சிரித்துப் பார்த்து வெகு நாளாகியிருந்தது. முதல் குழந்தை பெஞ்சில் ஏறி நின்று, மேலே பார்த்து வாயைப் பிளந்தது.

ஃபெமினா நடந்து தம்பிதுரை முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, வால இறக்கோணுங்க."

அமிர்தராஜ் அவளைக் கண்ணால் அடக்கப் பார்த்தார். தம்பிதுரை நிதானமாகக் கேட்டார்.

"ஏனுங்க, நல்லா இல்லீங்களா?"

"நல்லா இருக்குதுங்க. ஆனா ஒட்டு நிக்காதுங்க. சொல்யூஷன் இந்த பாட்டில்ல புடிக்கிறதில்லீங்க."

சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் இறுகியது.

"நான் ஒட்டுன பைப்புல ஆயிரம் அடிக்குக் கீழ இருந்து தண்ணி மேல வருதுங்க. இது காத்தடைச்ச பாட்டிலு."

"பைப்புக்கு அதுதானுங்க சரி. இது வேறீங்க."

"அப்ப இறக்குங்க, பாத்துரலாம்."

கிறிஸ்டோ அசையாமல் நின்றான். மனோஜ்தான் போய்க் கயிற்றை அவிழ்த்தான். கப்பி கிறீச்சிட்டது. நட்சத்திரம் மெல்ல இறங்கி, வாலின் நுனி தரையைத் தொட்டது.

தம்பிதுரை எழுந்து வந்து, இரண்டு பாட்டிலை இரு கையிலும் பிடித்து, நேராக இழுத்தார். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். வரவே இல்லை. யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள்.

"டீச்சரம்மா என்ன சொல்றீங்க?"

எல்லார் கண்ணும் அவள்மேல் இருந்தது. மனோஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கணம் அவளுக்கே சந்தேகம் வந்தது. நம் கையில் கழன்றது இவர் கையில் நின்றுவிட்டதோ? இப்போதுகூட 'சரிங்க' என்று சிரித்துவிட்டால் சாயங்காலம் பழையபடி ஆகிவிடும்.

பெஞ்சில் நின்ற குழந்தை மெழுகுவர்த்தியைப் பற்றவைக்கச் சொல்லி யாரையோ நச்சரித்துக்கொண்டிருந்தது.

"நேரா இழுத்தா உடாதுங்க," என்றாள். "மேல தொங்கையில ஆடும், வளையும். கொஞ்சம் வளைச்சுப் பாருங்க."

"நீங்களே வளைங்க."

அவள் அதே ஒட்டைப் பிடித்து லேசாக ஒடித்தாள். டக்கென்று விட்டது. அடுத்தது தானாகவே சரிந்து, ஒயரில் தொங்கியது. காய்ந்த சொல்யூஷன் பாலாடை மாதிரி முழுசாக உரிந்து அவள் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. அடியில் பாட்டில் கண்ணாடியாக, ஒரு கீறலும் இல்லாமல் பளபளத்தது.

தம்பிதுரை அந்தப் பசைத் தோலை வாங்கி, விரலில் தேய்த்துப் பார்த்தார். பிறகு திரும்பி, வாசலை நோக்கி நடந்தார். கார்க் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

"ஏம்மா இப்படிப் பண்ணே?" என்றார் அமிர்தராஜ் மெதுவாக.

மனோஜ் அவள் பக்கத்தில் வந்து நின்றான். "நான் சொல்லியிருக்கோணும்," என்றான். "மத்தியானமே சொல்லியிருக்கோணும்."

கார் கிளம்பவில்லை. தம்பிதுரை ஒரு கட்டிங் பிளேயரோடு திரும்பி வந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு, வாலை நட்சத்திரத்திலிருந்து தானே வெட்டி எடுத்தார். ஒயரைப் பிரித்து கிறிஸ்டோவிடம் கொடுத்தார். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இதத் தேய்ச்சாத்தான் ஒட்டுப் புடிக்குமாட்ட இருக்குது. எதுலீங்க தேய்ப்பீங்க?"

"உப்புத்தாளுங்க. இருங்க, அத நான்..."

"நீங்க போய்ப் புள்ளைங்களப் பாருங்க."

வால் இல்லாத நட்சத்திரம் மேலே ஏறியது. மெழுகுவர்த்திகள் எரிந்தன, பாட்டு தொடங்கியது. குழந்தைகளுக்குத் தாளம் காட்டிக்கொண்டே அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். வெள்ளை வேட்டியில் பிளாஸ்டிக் தூள் கொட்ட, தூணோரம் உட்கார்ந்து அவர் ஒவ்வொரு பாட்டிலாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றை எடுத்துத் தேய்க்கத் தொடங்கியிருந்தார். தம்பிதுரை எழுந்து போகும்போது என்ன சொல்லிவிட்டுப் போவார் என்று நினைத்தபோதெல்லாம் அவளுக்குத் தாளம் தப்பியது.

மூன்றாவது பாட்டு முடிந்த இடைவெளியில் அவருடைய செல்போன் அடித்தது. மனைவி காளியாத்தாள். காது கேட்காதவர்போல தம்பிதுரை போனில் எப்போதும் உரக்கத்தான் பேசுவார். மண்டபத்துக்கே கேட்டது.

"இல்ல, இன்னும் பேசல. பேசறாப்ல இல்ல இன்னைக்கு, வேலையா இருக்கறேன்... என்ன வேலையா? நான் செஞ்சத இந்தப் புள்ள நாலு பேரு முன்னால பிரிச்சுப் போட்டுருச்சு. அதத் தேய்ச்சுட்டிருக்கறேன்... அட, அழுவாத. கேளு. இது ஒட்டறதுக்கு நாளைக்கும் வரோணுமாம். நீயும் பொறப்பட்டு வந்துரு. பொண்ணுக்குப் பூ வெக்காம வெறும் பேச்சு எதுக்கு? மேட்டுப்பாளையம் ரோட்டுல நல்ல மல்லியாப் பாத்து வாங்கிக்க."

அமிர்தராஜின் கையில் உப்புத்தாள் அப்படியே நின்றது. நான்காவது பாட்டை எடுத்துக் கொடுக்கச் சொல்லிக் குழந்தைகள் ஃபெமினாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.