சென்னியப்பனை ஒப்படைத்த ரசீது

துப்பாக்கியும் அதை வைத்திருப்பவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது என்று மாநில அரசு புதுச் சட்டம் போட்டது. இரண்டில் ஒன்றைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். மூங்கில்மடுவில் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் ஏழு பேர். ஏழு பேரும் துப்பாக்கியை வீட்டிலேயே விட்டுவிட்டுத் தங்களைக் கொண்டுபோய் ஒப்படைத்தார்கள்.

இதில் மண்டையை உடைத்துக்கொள்ள ஒன்றும் இருக்கவில்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் துப்பாக்கியை ஸ்டேஷனில் கொடுத்து, ஓட்டு எண்ணி முடிந்ததும் திரும்ப வாங்கிப் பழகிய ஆட்கள் அவர்கள். அங்கே கொடுத்த பொருள் எந்த லட்சணத்தில் திரும்பி வரும் என்பது தெரியாதா என்ன? ஏழு பேரில் ஒருவரான சென்னியப்பனின் ஒற்றைக்குழல் போன தேர்தலுக்குப் போய், உடம்பெல்லாம் துருவேறி, கட்டையில் கீறலோடு வந்தது. தேய்த்துத் தேய்த்து அவர் தோள்பட்டைதான் இறங்கிப் போயிற்று. "இன்னொரு தடவை அதை அங்க அனுப்ப மாட்டேன். நானே போய்க்கறேன்" என்றார். அவர் மனைவி மயிலாத்தாள் ஒரு வேட்டியும் ரெண்டு துண்டும் எடுத்து வைத்தாள். கொஞ்ச நாள்தானே, தேர்தல் மாதிரி வந்து போய்விடும் என்று ஊரே நினைத்தது. அங்கேதான் எல்லாரும் ஏமாந்தார்கள்.

ஸ்டேஷனில் ஏட்டு இருதயராஜ் நல்ல மனுஷன்தான். ஒவ்வொருவராக நிறுத்தி உயரம் அளந்தார், தேய்மானம் எழுதினார், மணிக்கட்டில் நம்பர் அட்டை கட்டினார். சென்னியப்பன் முறை வந்ததும், "உள்ள ஏதாச்சும் இருந்தா இப்பவே எடுத்துருங்கண்ணே. லோடு பண்ணின பொருளை நாங்க வாங்கக் கூடாது" என்றார்.

உள்ளே ஒன்று இருந்தது. மக்காச்சோளக் காட்டுக்குக் காட்டுப்பன்றி வரும்போதெல்லாம், இருபத்திரண்டு வருஷமாகச் சென்னியப்பன் வானத்தைப் பார்த்துத்தான் சுட்டிருக்கிறார். ஒரு பன்றியைக்கூடக் குறி வைத்ததில்லை. அதன் கண்ணைப் பார்த்தால் அவருக்குச் சுட மனசு வராது. அவ்வளவுதான் விஷயம். அது அவருக்கும் துப்பாக்கிக்கும் மட்டும் தெரியும்.

"ஒண்ணுமில்லீங்க" என்றார். ஏட்டு ரசீதைக் கிழித்துக் கொடுத்தார்.

ரசீதின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. உரியவர் தொண்ணூறு நாளுக்குள் நேரில் வந்து பெற்றுக்கொள்ளாவிட்டால், பொருள் மாவட்டத் தலைமையிடத்துக்கு அனுப்பப்பட்டு உருக்கப்படும்.

"உரியவருங்கறது யாருங்க?"

"உங்க துப்பாக்கிதான். நீங்க இப்ப பொருள். பொருள் தன்னைத்தானே வாங்கிட்டுப் போக முடியாதில்ல?"

அதுவும் சரிதான் என்று சென்னியப்பனுக்குப் பட்டது. போய்ச் சுவரோரம் மற்ற ஆறு பேரோடு சாய்ந்து நின்றுகொண்டார். சனிக்கிழமை தவறாமல் ஒரு கான்ஸ்டபிள் வந்து எல்லாருக்கும் தேங்காயெண்ணெய் தடவித் துணியால் துடைத்துவிட்டுப் போனார்.

நாற்பதாம் நாள் அந்த ஆறு பேரில் லிங்கப்பனின் இரட்டைக்குழல் டவுன் பஸ்ஸில் வந்து அவரை அழைத்துக்கொண்டு போயிற்று. அவர் வீட்டில் தனியாக மாட்டுக்கொட்டகை இருந்தது, துப்பாக்கி அங்கே மாறிக்கொண்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் ஒன்றிரண்டு துப்பாக்கிகள் வந்தன. சென்னியப்பனுடையதும் வரதனுடையதும் மட்டும் வரவில்லை. மற்றவர்களுக்கு மூன்று நாள் முன்பே வந்து சேர்ந்த ஆள் வரதன், அதனால் அவர் கெடுவும் முந்தி முடிந்தது. வேன் வந்தது. வரதன் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினார். "வரேன் சென்னியப்பா" என்றார்.

அதிலிருந்து சென்னியப்பன் ரசீதின் அடிவரியை எடுத்து எடுத்துப் படித்தார். சுவரில் மிச்சம் நின்றது அவர் ஒருவர்தான்.

இத்தனைக்கும் மயிலாத்தாள் அறுபதாம் நாளே ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தாள். அவள் பேசிய பேச்சை இப்போது மறுபடி மறுபடி நினைத்துப் பார்த்தார். பன்றி வருவதே இல்லை என்றாள். துப்பாக்கி காட்டுவரப்பில் படுத்துக் காவல் காக்கிறது, உங்களைப் போலப் பாதியில் தூங்குவதில்லை என்றாள்.

"சாப்பாடு?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"உங்க தட்டுலதான் வெக்கறேன். திங்கறதில்லை. வெச்சா ஒரு துணைங்க."

"என்னைக் கூட்டிட்டுப் போக வருமா?"

"அதுதான் வாயைத் தொறக்க மாட்டேங்குதே. என்னத்தைக் கேக்கறது?" முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தாள். "நம்மது ஒத்தக் கூரை வீடு வேறங்க. கொட்டகை இல்லை, காட்டுல சாளைக் குடிசை இல்லை. அதைத்தான் ரோசனை பண்ணிட்டிருக்கறேன்."

அவள் போனதும் அவருக்கு அழுகை வந்தது. எண்ணெய் தடவிய முகத்தில் கண்ணீர் நிற்காமல் வழுக்கிக்கொண்டு ஓடிற்று. தன்னைவிட அது நல்ல காவல், நல்ல துணை. ஒரு குண்டைக்கூட உருப்படியாகச் செலவழிக்காத ஆளை அது எதற்காக மெனக்கெட்டு வந்து வாங்க வேண்டும்?

தொண்ணூறாம் நாள் காலையிலேயே வேன் வந்து வாசலில் நின்றது. பதினோரு மணிக்கு டிரைவர் டீ குடித்தார். பன்னிரண்டுக்கு ஏட்டு கடிகாரத்தைப் பார்த்தார். சென்னியப்பன் ஒரு கையில் செருப்பை எடுத்துக்கொண்டார்.

பன்னிரண்டரைக்கு மயிலாத்தாள் வந்தாள். முழங்கையெல்லாம் சிராய்ப்பு, தலைமுடியில் செம்மண் பொடி. இரண்டடி பின்னால் துப்பாக்கி வந்து, மேஜை முன்னால் நிமிர்ந்து நின்றது.

ஏட்டு படிவத்தை எடுத்தார். "பொருள் எதுக்காக வேணும்? பயிர்ப் பாதுகாப்பா, தற்காப்பா?"



"வீட்டுல இருக்கறதுக்குன்னு எழுதுங்க" என்றாள் மயிலாத்தாள்.

"அப்படி ஒரு கட்டம் இல்லைம்மா."

"அப்ப ஒண்ணு போடுங்க."

ஏட்டு ஸ்கேலை வைத்து ஒரு கட்டம் போட்டார். அதில் துப்பாக்கியின் கட்டையை மையில் ஒற்றிப் பதித்தார். பிறகு சென்னியப்பன் பக்கம் திரும்பினார். "லோடோட திருப்பித் தரவும் கூடாதுண்ணே. உள்ள ஏதாச்சும் இருக்கா?"

வேன் வெளியே உறுமிக்கொண்டிருந்தது. சென்னியப்பன் துப்பாக்கியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "நான் ஒரு பன்னியைக்கூடச் சுட்டதில்லை. இருபத்திரண்டு வருசமா வானத்தைத்தான் சுட்டேன்" என்று சொல்லிவிட்டார். சொன்னதும் உடம்பு லேசாயிற்று.

"அட, அது எனக்குத் தெரியாதாக்கும்?" என்றாள் மயிலாத்தாள். "நீங்க சுட்ட ஈய ரவையெல்லாம் நம்ம ஓட்டு மேலதான வந்து கொட்டும்? இருபத்திரண்டு வருசமா அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான, ஆளு பத்திரமா இருக்குதுன்னு நான் கண்ணசருவேன்?"

ஏட்டு அதையும் எழுதிக்கொண்டு நம்பர் அட்டையை அறுத்தார். "எல்லாம் சரி. ஒரே கூரைன்னு ஒரு விஷயம் இருக்கே?"

"கூரை இல்லீங்க" என்றாள்.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் நிஜமாகவே இல்லை. ஓடுகளைப் பிரித்துக் களத்தில் வரிசையாக அடுக்கியிருந்தாள். நாலு சுவரும், அடுப்பும், அலமாரியும் வெயிலில் நின்றன. சாயங்காலம் ஏட்டு வந்து நடுவீட்டில் நின்று அண்ணாந்து பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டினார். "மேகம் மட்டும் கூரைக் கணக்குல சேரும். அது வீட்டுக்கு மேல வந்தா ரெண்டு பேர்ல ஒருத்தர் வரப்புக்கு வெளிய போயிரணும். போகலேன்னா மறுபடியும் ரசீதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐப்பசி பிறக்க ஒரு வாரம்தான் இருந்தது. சென்னியப்பன் மேலே பார்த்தபடியே சாப்பிட்டார், மேலே பார்த்தபடியே மாடு பிடித்துக் கட்டினார். சுட்டதெல்லாம் வானத்தைத்தானே, அதற்கு மனதில் வன்மம் ஏதாவது இருக்கத்தானே செய்யும் என்று பயந்தார். மூன்றாம் நாள் மத்தியானம் மேற்கேயிருந்து பெரிய மேகம் ஒன்று வந்து, சரியாக வீட்டுக்கு மேலே நின்றது. தட்டில் சோறு அப்போதுதான் விழுந்திருந்தது.

"நேத்து வந்த குட்டி மேகத்துக்கு அது போச்சு. இது உங்க முறைங்க" என்றாள் மயிலாத்தாள். துப்பாக்கி தன் தட்டுக்கு முன்னால் அசையாமல் இருந்தது.

சென்னியப்பன் கை கழுவிக்கொண்டு போய் வரப்புக்கு வெளியே நின்றார். மேகம் நகரவில்லை. ஒரு நாழிகை ஆயிற்று, இன்னும் கறுத்தது. இனி ஐப்பசி முழுக்க, கார்த்திகை முழுக்க இங்கேயே நிற்க வேண்டியதுதானா என்று நினைத்தபோது, பயம் அடிவயிற்றிலிருந்து ஏறி நெஞ்சில் கெட்டியாக அடைத்துக்கொண்டது. அவர் கால்களை அகட்டி ஊன்றி, தலையை நிமிர்த்தி, வாயை வானத்துக்கு நேராகத் திறந்தார்.

வெடிச் சத்தத்துக்குக் கொக்குகள் எழும்பிப் பறந்தன. மேகம் இரண்டாகப் பிளந்து ஊருக்கு அந்தப் பக்கம் போயிற்று. உதட்டில் நின்ற புகையை அவர் துண்டால் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்குள் ரவை கொட்டும் சத்தம் கேட்டது. மயிலாத்தாள் அவர் தட்டுச் சோற்றிலிருந்து ஈயத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரமாக வைத்துவிட்டு, "வாங்க, ஆறுது" என்று கூப்பிட்டாள்.