பாப்பாவுக்கு ஒரு காலர்

நாகவல்லிக்குச் சட்டை தைக்கத் தெரியாது. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லராக இருக்கிறவளைப் பற்றி இப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்? மண்ணூர்பேட்டையில் அவள் குடியிருக்கும் தெருவே நம்பாது. அந்தத் தெருவில் பாதிப் பேர் ஜாக்கெட் துணியைத் தூக்கிக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தவர்கள். நேரமில்லை என்று அவள் சொல்லிச் சொல்லி அனுப்பியதில் ராங்கிக்காரி என்று பேர் வைத்துவிட்டுப் போனவர்கள். ராங்கி எல்லாம் ஒன்றுமில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கம், அவ்வளவுதான்.

அவள் காலர் டெய்லர். கம்பெனியில் ஒரு சட்டை பல கை மாறிப் போகும். ஒருத்தி பாக்கெட் வைப்பாள், ஒருத்தி கை ஏற்றுவாள், ஒருத்தி பக்கம் மூட்டுவாள், ஒருத்தி காஜா எடுப்பாள். நாகவல்லியிடம் வரும்போது கழுத்து வெறுமனே திறந்திருக்கும். அவளை விட்டுப் போகும்போது காலர் நிமிர்ந்து நிற்கும். முகம் தெரியாத எத்தனையோ வெள்ளைக்காரர்களின் கழுத்தை அவள் நிமிர்த்தி வைத்திருக்கிறாள். அதே வெள்ளைக்காரனுக்கு ஒரு கையை ஏற்று என்றால் திருதிருவென்று விழிப்பாள்.

அப்படிப்பட்டவள்தான், மாடி வீட்டு நிவேதிதாவுக்குப் பெண் குழந்தை பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, குழந்தையைப் பார்த்த மயக்கத்தில் வாயை விட்டுவிட்டாள்.

"பேர் வெக்கற அன்னிக்கு இது போடற மொதப் புதுச்சட்ட நாந்தான் தெச்சிக் குடுப்பேன். கடையில எதும் வாங்கிடாத கண்ணு."

நிவேதிதாவின் அம்மா திண்டுக்கல்லிலிருந்து பிரசவம் பார்க்க வந்திருந்தார். பேர் வைக்கும் நாள்வரை குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது என்று பழைய வேட்டிகளாகக் கிழித்துச் சுற்றிக்கொண்டிருந்தவர். அவருக்கு ஒரே சந்தோஷம். "கையால தைச்சுப் போடுற மாதிரி வருமாம்மா? நீ தைச்சுக் கொடு, நாங்க வாங்கல" என்று சொல்லிவிட்டார்.

நிவேதிதா, "உங்களுக்கு எதுக்குக்கா சிரமம்?" என்றாள்.

சிரமமாம். நாகவல்லிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போன வருஷம் ஐப்பசி மழையில் அவளுக்கு டெங்கு வந்தது. ரத்தத்தில் செல் கீழே இறங்கிக்கொண்டே போனது, உடனே ஏற்றியாக வேண்டும், ரத்தம் கொடுக்க ஆளைக் கொண்டு வாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். புருஷன் நாகப்பனுக்குச் சர்க்கரை, தினமும் ஊசி போட்டுக்கொள்கிறவன்; அவன் ரத்தம் வேண்டாம் என்றுவிட்டார்கள். அவன் ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தபோது, அப்போதுதான் மாடிக்குக் குடிவந்திருந்த இந்த ஐடி கம்பெனிப் பெண், ஆபீஸ் பையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள். நாகவல்லிக்குக் கண் விழிக்கத் தெம்பு வந்தபோது கட்டில் பக்கத்தில் நிவேதிதா உட்கார்ந்திருந்தாள். முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. நாகவல்லி அந்தப் பிளாஸ்திரியைப் பார்த்தாள். கேட்கவில்லை. கேட்டு, நன்றி சொல்லி முடித்துவிடக்கூடிய விஷயமா அது? உடன்பிறந்தவள்கூடக் கொடுக்க யோசிக்கிற ரத்தத்தை, முந்தின மாதம் குடிவந்தவள் கொடுத்திருக்கிறாள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே நினைப்பு. இதற்குப் பதிலாகத் தன் உடம்பிலிருந்து, தன் கையிலிருந்து ஏதாவது அவளுக்குப் போக வேண்டும். கடையில் வாங்கிக் கொடுப்பது காசு போவது. கை போவது இல்லை. அதனால்தான் வாய் முந்திக்கொண்டது.

மஞ்சள் பூப்போட்ட மெல்லிசான காட்டன் துணி வாங்கினாள். காலருக்கு உள்ளே வைக்கக் கடையிலேயே விறைப்பான கேன்வாஸாகக் கேட்டு வாங்கினாள். நம் குழந்தைக்குப் போகிற காலர் துவண்டு போகக் கூடாது இல்லையா? பக்கத்து வீட்டுக்காரியின் மெஷினை இரவல் வாங்கி ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தாள். சாயந்தரம் ஒரு வஸ்து தயாரானது. காலர் பிரமாதம். மற்றபடி ஒரு கை மேலே பார்த்தது, ஒரு கை பக்கவாட்டில் பார்த்தது.

நாகப்பன் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். "இன்னாமே இது? டிராபிக் போலீஸ் கைகாட்டறாப்புல கீது."

"மூடிகினு குடு இப்டி" என்று பிடுங்கிக்கொண்டாள். அப்புறம் அடுப்படியில் போய்ச் சத்தமில்லாமல் அழுதாள். இத்தனை வருஷம் தைத்துத் தைத்து இடுப்பு ஒடிந்ததுதான் மிச்சம்; பேர் வைக்கிற அன்றைக்கு மாடிக்கு எதை எடுத்துக்கொண்டு போவது?

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கம்பெனித் தையல் லைனில் பக்கத்து மெஷின் ராணியிடம் சொன்னாள். ராணி கை ஏற்றுகிறவள். அவள் முதலில் வயிறு வலிக்கச் சிரித்தாள். அப்புறம், "இதுக்கா மூஞ்சத் தொங்கப் போட்டுகினு கீற? மிச்சத் துணி கீதா?" என்றாள்.

மிச்சத் துணி வீட்டில் இருந்தது; மறுநாள் கொண்டுபோனாள். கட்டிங் வேம்புலி அண்ணாத்தே கம்பெனியின் சின்ன சைஸ் பேட்டர்னைப் பார்த்துக் கண்ணாலேயே குறைத்து வெட்டிக் கொடுத்தார். கவிப்பிரியா, விரல் நகம் அளவுக்கு ஒரு பாக்கெட் வைத்தாள். ராணி கை ஏற்றினாள், முழுக் கை, கஃப் வைத்து. நாகவல்லி கேன்வாஸ் வைத்துக் காலரை ஏற்றினாள். அத்தனை சின்னக் காலரை அவள் ஆயுசில் தைத்ததில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினாள், முனை இரண்டும் கத்தி மாதிரி வந்தது. ஞானம்மாள் காஜா எடுத்தாள். அவர்களுக்கெல்லாம் தெரிந்த சட்டை ஒன்றே ஒன்றுதான். அந்த லைனில் வேறு எதுவும் ஓடியதில்லை. சட்டை என்றால் காலர், கஃப், பாக்கெட், வரிசையாகப் பட்டன். பிறந்த குழந்தைக்கும் சட்டை என்றுதான் சொல்கிறோம், அது வேறு இது வேறு என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. எல்லாரும் பிள்ளை பெற்றவர்கள்தான், அதுதான் வேடிக்கை. மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டால் கை போகிற வழியில்தான் புத்தி போகிறது.

பட்டன் வைக்கும்போது சூப்பர்வைசர் சண்முகசுந்தரம் வந்து நின்றுவிட்டார். எல்லார் கையும் அப்படியே நின்றது. அவர் சட்டையை வாங்கி உள்ளங்கையில் விரித்தார். திருப்பிப் பார்த்தார். தையலை இழுத்துப் பார்த்தார்.

"இன்னா பையர் ஆர்டர் இது?"

கடைசியில் நாகவல்லியே எழுந்து நின்றாள். "மாடி ஊட்டுக் கொழந்தைக்கு சார். எனக்கு ரத்தம் குடுத்த பொண்ணோட கொழந்த. துணி என்னுது. சாப்பாட்டு டைம்லதான் செஞ்சோம்."

அவர் சட்டையோடு நடந்தார். போச்சு என்று நினைத்தார்கள். அவர் நேரே கடைசி மேஜைக்குப் போய், உடைந்த ஊசித் துண்டு எங்காவது சிக்கியிருக்கிறதா என்று பார்க்கிற மெஷினுக்குள் அதைப் போட்டு எடுத்தார். ஒரு தரம் போட்டது போதாதென்று திருப்பிப் போட்டு இன்னொரு தரமும் எடுத்தார். கொண்டுவந்து நாகவல்லி கையில் கொடுத்து, "கொழந்த போடறது. ஊசி முனை கீனை இருந்தா இன்னா ஆவறது?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த மனிதரை அவர்கள் அதுவரை எத்தனை பேர் சொல்லித் திட்டியிருக்கிறார்கள் என்று நினைத்து ராணிக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

பேர் வைக்கும் நாள் காலையில் குழந்தையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டி வைத்திருந்தார்கள். நிவேதிதாவின் புருஷன் அபிஷேக் கீழே பந்தல்காரனோடு நின்றிருந்தான். நாகவல்லி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், மேலே மடித்த சட்டையோடு மாடி ஏறினாள்.

நிவேதிதா சட்டையை விரித்துப் பார்த்துவிட்டு, "அய்யோ அக்கா, இந்தப் பாக்கெட்டைப் பாருங்களேன்" என்று கன்னத்தில் ஒற்றிக்கொண்டாள். அவள் அம்மா குழந்தைக்குப் போட்டுவிட்டார். கை சரியாக இருந்தது. உடம்பு சரியாக இருந்தது. மேல் பட்டனைப் போட்டதும் குழந்தையின் வாய் காணாமல் போயிற்று. விறைத்து நின்ற காலருக்கு மேலே மூக்கும் இரண்டு கண்ணும் மட்டும் தெரிந்தன. குழந்தை ஒரு முனையைச் சப்பிப் பார்த்தது. இன்னொரு முனை கன்னத்தில் குத்தியது. வீல் என்று கத்த ஆரம்பித்தது.

"பிள்ளைக்குக் கழுத்தே இன்னும் வரலையேம்மா, காலரை எங்க வைக்கிறது?" என்று சொல்லி அந்த அம்மாள் சிரித்துவிட்டார். நிவேதிதாவும் சிரித்தாள். நாகவல்லியும் சிரிக்கத்தான் பார்த்தாள், வரவில்லை.

"பிளேடு கீதா கண்ணு?"

"இருக்கட்டும்க்கா, மேல் பட்டனைக் கழட்டி விட்டுக்கலாம்."

"குத்தும். குடு."

சட்டையை மடியில் வைத்துக்கொண்டு தான் போட்ட தையலைத் தானே பிரித்தாள். நூல் ஒவ்வொன்றாக விட்டது. காலர் தனியாக வந்தது. "கழுத்தை நான் உள்ள மடிச்சு ஓட்டித் தர்றேன், கொண்டா" என்று நிவேதிதாவின் அம்மா சட்டையை வாங்கிக்கொண்டு ஊசி நூலோடு ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தார்.

காலர் நாகவல்லியின் கையிலேயே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"கண்ணு, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்குச் சட்ட தெக்கத் தெரியாது. காலர் மட்டுந்தான் தெரியும். வெட்னது வேம்புலி அண்ணாத்தே. கை ராணி. பாக்கெட்டு, காஜா, பட்டனு, எல்லாம் ஆளுக்கு ஒண்ணு. காலர் ஒண்ணுதான் என் கையில ஆனது. அதும் போச்சு. இப்ப அந்தச் சட்டயில என்னுது இன்னா கீது?"

"அதுக்கு என்னக்கா?"

"இன்னா இன்னாக்கா? நீ உன் ஒடம்புல ஓடற ரத்தத்த எனக்குக் குடுத்த. நான் பத்து பேர் தெச்சத வாங்கியாந்து நீட்டறேன்."

நிவேதிதா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டுவது நின்றது.

"நான் எங்கக்கா ரத்தம் குடுத்தேன்?"

"டெங்கு வந்தப்ப. பஞ்சு வெச்சி ஒட்டிகினு என் பக்கத்துலயே ஒக்காந்திருந்தியே, நான் பார்த்தனே."

"அது டெஸ்டுக்கு எடுத்தது" என்றாள் நிவேதிதா. "எடை பத்தாது, வேண்டாம்னு என்னைத் திருப்பி அனுப்பிட்டாங்க. ஒரு சொட்டுகூட என்னது இல்ல. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல. ஆபீஸ் குரூப்ல போட்டேன், தெரிஞ்சவங்க எல்லாருக்கும் போன் பண்ணி அழுதேன். எங்க கேன்டீன்ல சப்பாத்தி போடுற பொண்ணு ஓடி வந்தா. எங்க டீம் ஆளு ஒருத்தர் வந்தார். ஆவடிலேர்ந்து ரெண்டு பேர் பைக்ல நனைஞ்சுக்கிட்டே வந்தாங்க, அவங்க பேருகூட அன்னைக்கு எனக்குத் தெரியாது. நான் கேட்டேன், அவ்வளவுதாங்க்கா நான் செஞ்சது. நீங்களும் அதைத்தானே செஞ்சிருக்கீங்க?"

நாகவல்லி கையிலிருந்த காலரை விரலால் நீவினாள். ஒரு வருஷமாக ஒருத்திக்கு என்று கட்டி வைத்திருந்த நன்றி இப்போது யார் யாருக்கோ பிரிந்து ஓடியது. மழையில் நனைந்து வந்தவர்கள் தலை துவட்டிக்கொண்டார்களா, யாராவது ஒரு டீயாவது வாங்கிக் கொடுத்தார்களா, ஒன்றும் தெரியாது. அவர்கள் கொடுத்ததை உடம்பில் வைத்துக்கொண்டு அவள் பாட்டுக்குக் கம்பெனிக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்திருக்கிறாள். மனசு கனத்தது, ஆனால் வலிக்கிற கனமாக இல்லை. யாரென்றே தெரியாத அந்த நாலு பேர்மேலும், முகம்கூடப் பார்க்காத குழந்தைக்குச் சோற்றை ஆறவிட்டுத் தைத்த லைன்காரிகள்மேலும் ஒரே மாதிரி ஆசை பொங்கிக்கொண்டு வந்தது.

ஜன்னல் பக்கத்திலிருந்து சட்டை வந்தது. காலர் இல்லாமல் போட்டதும் குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு, இரண்டு கஃபையும் ஆட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தது. "ஆபீசர் அம்மாவுக்கு இப்பத்தான் மூச்சு வந்துச்சு" என்றார் பாட்டியான அந்த அம்மாள்.

கீழே மேளக்காரர்கள் வந்துவிட்ட சத்தம் கேட்டது. எல்லாரும் எழுந்தார்கள். நாகவல்லி மட்டும் நிவேதிதாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

"அந்த நாலு பேரு நம்பரும் உங்கிட்ட கீதா?"

"இருக்கும்க்கா, தேடிப் பார்க்கலாம். எதுக்கு?"

"அவுங்க ஊட்ல யாருக்குனா கைக்கொழந்த கீதான்னு கேட்டுச் சொல்லு" என்றாள் நாகவல்லி. "காலர் இல்லாம தெக்கச் சொல்றேன்."