தெளிந்ததைக் கொட்டிவிடுங்கள்

என் எட்டு மாத உழைப்பைச் சிங்க்கில் கொட்டியவர் நாகம்மாள் அக்கா. கொட்டச் சொன்னவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் யாரும் அந்த அம்மாளைத் திட்டக் கூடாது.

இரண்டாயிரத்து ஆறாம் வருடம். ஓசூரில் ஒரு தனியார் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில் எம்.ஃபில். படித்த ஒரே ஆள் நான்தான். என்னோடு எம்.எஸ்ஸி. முடித்த பதினோரு பேரும் அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டி பெங்களூர் கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். காலையில் நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது, கூடப் படித்த ஸ்வாதி கழுத்தில் அடையாள அட்டையோடு கம்பெனி பஸ் ஜன்னலிலிருந்து கை காட்டுவாள். நானும் காட்டுவேன். பஸ் போன பிறகு எரிச்சலாக வரும். யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

என் கைடு பிரவீனா மேடம் ஆகஸ்டிலிருந்து பிரசவ விடுப்பில் கிருஷ்ணகிரியில் தாய் வீட்டில் இருந்தார். போன் செய்தால் பின்னால் குழந்தை வீறிடும். "நீ பண்ணிடுவ பூங்கொடி" என்று சொல்லி வைத்துவிடுவார். மூக்கண்டப்பள்ளியில் எங்கள் வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? அப்பா பம்ப் தயாரிக்கும் தொழிற்சாலையில் ஷிப்ட் ஆள். நான் வரும்போது அவர் போவார், அவர் வரும்போது நான் போவேன். அந்த வருடம் எங்கள் தெருவே சிக்குன்குனியாவில் முடங்கிக் கிடந்தது. என் பெண் வைரஸ் படிக்கிறாள் என்று அம்மா பெருமையாகச் சொல்லப்போக, பக்கத்து வீட்டு முனிலட்சுமி எங்கள் வீட்டு மோரை வாங்குவதையே நிறுத்திவிட்டாள். "அதத் தொட்ட கையோடதான உங்க பொண்ணு வீட்டுக்கு வருது?" என்று கேட்டாளாம்.

இது மனுஷரை ஒன்றும் செய்யாத வைரஸ் என்று எத்தனை பேருக்கு விளக்குவது? இதன் பெயர் ஃபேஜ். பாக்டீரியாவுக்குள் மட்டும் புகுந்து, உள்ளேயே நூறாகப் பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளியே வரும். ஆஸ்பத்திரிச் சாக்கடையில் எடுத்த, ஐந்து மருந்துக்கும் சாகாத ஒரு பாக்டீரியா எங்கள் லேபில் இருந்தது. அதைக் கொல்லும் ஃபேஜ் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன் மரபணுவைப் பிரித்துக் காட்ட வேண்டும். அதுதான் என் ஆய்வு. கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும் மதகில் ஆரம்பித்து இருபத்திரண்டு இடத்தில் தண்ணீர் மொண்டு வந்தேன். அணையில் எடுத்த ஏழாம் நம்பர் பாட்டிலில் மட்டும் அது இருந்தது.

வளர்க்கும் கண்ணாடித் தட்டில் பாக்டீரியா பாலாடை மாதிரி படர்ந்திருக்கும். ஃபேஜ் இருந்தால் அந்த ஆடையில் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழும். ட்யூபில் என்றால், கலங்கலாக இருக்கும் திரவம் சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். பாக்டீரியா எல்லாம் உடைந்துபோய், ஃபேஜ் கோடிக்கணக்கில் நிற்கிறது என்று அர்த்தம். பார்ப்பவர்களுக்கு அது வெறும் தண்ணீர். அப்படி ஆறு ட்யூப் ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன். டிசம்பரில் ஆய்வேடு கொடுக்க வேண்டும். அந்த ஆறும் இல்லாவிட்டால் கொடுக்க ஒன்றுமில்லை.

நாகம்மாள் எங்கள் லேப் அட்டெண்டர். தேன்கனிக்கோட்டைப் பக்கம், வீட்டில் தெலுங்கு, என்னைவிடப் பத்து வயது பெரியவர். ஆய்வு தொடங்கிய முதல் வாரமே, நான் வளர்த்த பாக்டீரியாவை அழுக்குத் தண்ணீர் என்று நினைத்துக் கழுவி வைத்துவிட்டார். எனக்கோ கோபம் மூக்கு நுனியில். "கலங்கலா இருந்தா அதுல உசிர் இருக்கு, தொடாதீங்க. தெளிஞ்சிருந்தா ஒண்ணும் வளரலைன்னு அர்த்தம், கொட்டிடுங்க. இதுகூடவா தெரியாது?" என்று எரிந்து விழுந்தேன். அப்போது என்னிடம் ஃபேஜ் இல்லை, சொன்னது சரிதான். ஃபேஜ் கிடைத்த பிறகு மாற்றிச் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. ஒரே அறையில் எட்டு மாதம் இருந்தோம், பேச்சு கிடையாது. பேச வேண்டும் போலிருந்தால் தட்டைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "என்னடா ஏழு, சாப்பிட்டியா?" என்று கேட்பேன். பைத்தியம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வேறு யார் இருந்தார்கள்?

ஆயுத பூஜை வந்தது. ஓசூரில் தீபாவளியைவிட அதுதான் பெரிது. லேத்திலிருந்து லாரி வரை கழுவிச் சந்தனம் வைக்காத இயந்திரம் இருக்காது. எங்கள் துறையில் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவுக்கு மாலையே போடுவார்கள். "நாளைக்கி பூஜை மேடம், வாங்க. பொரி குடுப்பாங்க" என்று நாகம்மாள் தயங்கித் தயங்கிக் கூப்பிட்டார். "எனக்கெதுக்கு பொரி?" என்றேன். லீவு நான்கு நாளும் வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன்.

ஐந்தாம் நாள் காலையில் ஃபிரிட்ஜைத் திறந்தேன். உள்ளே பளிச்சென்று துடைத்திருந்தது. கதவில் மூன்று சந்தனப் பொட்டு. கலங்கலான ட்யூப் எல்லாம் ஒன்று குறையாமல் வரிசையாக நின்றன. என்னுடைய ஆறும் இல்லை.

"நாகம்மாக்கா! இங்க இருந்த ஆறு ட்யூப் எங்க?"

"தெளிஞ்சதா மேடம்? கொட்டிட்டு வெந்நீல கழுவிட்டேன். பூஜைக்கு ஃபிரிட்ஜ் தொடைக்கச் சொன்னாங்க. நீங்கதான சொன்னீங்க, தெளிஞ்சத கொட்டிடணும்னு. கலங்கினத ஒண்ணுகூட தொடல."

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அவர் சொன்னதில் ஒரு பிசகும் இல்லையே. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஏழாம் பாட்டில் தண்ணீர் எப்போதோ தீர்ந்துவிட்டது. மறுபடி அணைக்குப் போகலாம் என்றால், மழைக்கு மதகைத் திறந்துவிட்டு நுரையெல்லாம் அடித்துக்கொண்டு போயிருந்தது. அதே ஃபேஜ் திரும்பக் கிடைக்கும் என்று யார் சொன்னது? போச்சு, எல்லாம் போச்சு. பேசாமல் ஸ்வாதியின் பஸ்ஸில் நானும் ஏறியிருக்கலாம்.

என் முகத்தைப் பார்த்து நாகம்மாள் பயந்துபோனார். "அய்யோ தேவுடா, தப்பு பண்ணிட்டனா? உங்க புஸ்தகம் பத்திரமா இருக்குதே மேடம்."

"என்ன புஸ்தகம்?"

துறைத் தலைவர் அறைக்கு ஓடினார். சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கியிருந்த பாடப் புத்தகங்களின் மேலிருந்து ஒரு கண்ணாடித் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். மூடியில் சந்தனம், குங்குமம், ஒரு காய்ந்த சாமந்தி இதழ். லீவுக்கு முன்னால் ஓட்டைகளை எண்ணிவிட்டு நான் மேசையில் போட்டுவிட்டுப் போன ஏழாம் நம்பர் தட்டு.

"சாமி முன்னாடி அவங்கவங்க புஸ்தகம் வச்சாங்க. நீங்க ஒண்ணும் வைக்கல. தெனம் இதத்தான வெளிச்சத்துல தூக்கித் தூக்கிப் படிக்கிறீங்க, இதுகிட்டதான பேசறீங்க. அதான் உங்க பேர்ல இத வச்சேன். மூடியத் தொறக்கல மேடம்."

தட்டில் உறைந்திருந்த கூழ் ஓரத்தில் சுருங்கிக் காய்ந்திருந்தது. ஆனால் ஓட்டைகள் அப்படியே இருந்தன. நாகம்மாள் காப்பாற்றி வைத்த பாக்டீரியாவில் கொஞ்சம் எடுத்துப் புதுத் திரவத்தில் விட்டேன். அது கலங்கத் தொடங்கியதும், ஒரு ஓட்டையைச் சுற்றித் தோண்டி எடுத்து அதில் போட்டேன். அப்போது மணி பன்னிரண்டு. ஃபேஜ் தப்பியிருந்தால் சாயங்காலத்துக்குள் அது தெளிய வேண்டும்.

இரண்டு மணி, மூன்று மணி, கலங்கல் இன்னும் கூடியது. நாலரைக்குக் கல்லூரி பஸ் போய்விட்டது. நாகம்மாள் தேன்கனிக்கோட்டை பஸ்ஸையும் விட்டுவிட்டு என் பக்கத்திலேயே நின்றார். நான் போகச் சொல்லவில்லை. போய்விடுவாரோ என்று பயமாக இருந்தது. ஐந்தரைக்கு ட்யூபை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தேன். அதன் வழியாக ஜன்னல் கம்பி தெரிந்தது.

"அய்யோ, தெளிஞ்சிடுச்சே! செத்துப்போச்சா மேடம்?" அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இல்லக்கா, வந்துடுச்சு! இதான் அது!"

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். அணை, நுரை, ஏழாம் பாட்டில், உள்ளே புகுந்து உடைப்பது, கொட்டின ஆறு ட்யூப், எதையும் விடவில்லை. அரை மணி நேரம் வாய் ஓயவில்லை எனக்கு. அவருக்கு எத்தனை புரிந்ததோ, கடைசிவரை கேட்டார்.

"இதெல்லாம் வேற யாருக்குத் தெரியும் மேடம்?"

"யாருக்கும் தெரியாதுக்கா."

அவர் ட்யூபை வாங்கி, என்னைப் போலவே வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அந்த ஆறயும் சாமிகிட்ட வச்சிருப்பனே" என்றார்.

காலையில் வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.